புலாவ் உபின் கல்குவாரிக் குளம்: எப்படிப் போவது, எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது

சிங்கப்பூரின் வடகிழக்கில் உள்ள புலாவ் உபின் தீவுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் படகை விட்டு இறங்கியதும் ஒரு சைக்கிளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வலப்பக்கம் செக் ஜாவா என்ற கடலோர ஈரநிலத்துக்கு மிதிக்கிறார்கள். நான் சொல்வது இதுதான்: முதலில் இடப்பக்கம் திரும்புங்கள், அதுவும் நடந்தே போங்கள். சற்று நடந்தால் பெக்கான் குவாரி வந்துவிடும். கருங்கல்லை வெடிவைத்துப் பெயர்த்தெடுத்த பெருங்குழி அது. இன்றைக்கு அதில் மழைத்தண்ணீர் நிற்கிறது, சுற்றியுள்ள மரங்களில் நாரைகள் கூடு கட்டுகின்றன. செக் ஜாவா எங்கும் ஓடிவிடாது. குவாரிக்குக் காலை வெளிச்சம் வேண்டும், ஆளரவம் குறைவாக இருக்க வேண்டும். அதனால்தான் அதை முதலில் பார்க்கச் சொல்கிறேன்.

எனக்கு இதில் ஒரு தனி அக்கறை உண்டு. நான் ரெடிமிக்ஸ் கான்கிரீட் தயாரிக்கும் இடத்தில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம், அங்கேயும் கல்குவாரிகளுக்குக் குறைவில்லை. ஜல்லி என்ன அளவு, ஈரம் எவ்வளவு, தூசி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் அன்றாடப் பிழைப்பு. ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்கு ஏறத்தாழ ஒரு டன் ஜல்லி போகும். நாம் தங்கும் விடுதி, மேலே ரயில் ஓடும் பாலம், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகள் எல்லாவற்றுக்கும் எங்கோ ஒரு மலை குழியாகியிருக்கிறது. அந்தக் குழி பிறகு என்ன ஆனது என்பதை நேரில் பார்க்க சிங்கப்பூரில் உபினை விட்டால் இவ்வளவு நல்ல இடம் கிடையாது. கட்டுமானத்தில் இருக்கும் நம் ஆட்கள் ஒவ்வொருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது அங்கே போய் நிற்க வேண்டும் என்பது என் ஆசை. ஞாயிறு தோறும் போகும் தேக்காவுக்கு (லிட்டில் இந்தியா) அடுத்த வாரமும் போகலாம்.

இந்தக் குழி வந்த கதை

உபின் ஏறத்தாழ 10 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தீவு, அடியில் முழுக்கக் கருங்கல். பூமிக்குள் கொதித்த குழம்பு இருபது கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் மெல்ல ஆறி இறுகிய கல் அது. மெல்ல ஆறியதால்தான் அதில் படிகங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரிதாக இருக்கின்றன. பாதையோரத்தில் கிடக்கும் ஒரு துண்டைக் குனிந்து பாருங்கள். வெள்ளையும் சாம்பலுமாகத் தானியம் தானியமாக இருக்கும், நடுவில் கறுப்புப் புள்ளிகள், வெயிலில் சாய்த்துப் பார்த்தால் மினுக்கும் அப்பிரகத் தகடுகள். நம் ஊரில் அம்மி கொத்துகிறவர்களுக்கு இதைப் பார்த்ததுமே கை பரபரக்கும். பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். அங்கிருந்து எதையும் எடுத்துக்கொண்டு வரக் கூடாது.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே இங்கே கல் வெட்டத் தொடங்கிவிட்டார்கள். பெட்ரா பிராங்கா என்ற பாறைத்தீவில் 1851இல் கட்டி முடித்த ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்குப் போன கல் உபின் கல். 1920களில் மலேசியாவின் ஜோகூருக்குக் கடற்பாலம் போட்டபோதும் இங்கிருந்தும் புக்கித் தீமா குவாரிகளிலிருந்தும் கல் போயிற்று. சுதந்திரத்துக்குப் பிறகு வீடுகளும் சாலைகளும் வேகமாக எழும்பிய காலத்தில் இந்தக் குவாரிகளுக்கு ஓய்வே இல்லை. 1999இல் கடைசிக் குவாரியும் மூடப்பட்டது. அதற்கப்புறம் சிங்கப்பூருக்கு வேண்டிய ஜல்லி எல்லாம் வெளிநாட்டிலிருந்து கப்பலில்தான் வருகிறது.

குவாரி நடக்கும் வரை இரவும் பகலும் மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கல் வெட்டிய ஊர்க்காரர்களுக்கு இது தெரியும். மோட்டார் நின்ற நாளிலிருந்து ஊற்றுத் தண்ணீரும் மழையும் சேர்ந்து குழியை நிரப்பத் தொடங்கும். சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. புதுக்கோட்டையில் பெய்வதைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். குழி குளமாகாமல் என்ன செய்யும்?

ஆனால் தண்ணீர் நின்றுவிட்டதால் மட்டும் அது நல்ல நீர்நிலை ஆகிவிடாது. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது தெரிந்தால்தான் அங்கே போனதும் எங்கே பார்ப்பது என்று புரியும். நம் ஊர்க் கண்மாய்க்கு ஒரு சரிவு இருக்கிறது. கரையிலிருந்து முழங்கால் அளவு, இடுப்பளவு, பிறகு ஆழம் என்று போகும். அந்த முழங்கால் தண்ணீரில்தான் கோரை முளைக்கும், தவளை முட்டையிடும், மீன்குஞ்சு ஒளியும், கொக்கு நின்று மீன் பிடிக்கும். குவாரிக்கு அந்தச் சரிவே கிடையாது. விளிம்பிலிருந்து செங்குத்தாக இறங்கிவிடும். ஆழத்துக்கு வெளிச்சம் போகாது, அதனால் செடியும் முளைக்காது. கருங்கல்லிலிருந்து தண்ணீருக்குச் சத்தும் பெரிதாக இறங்காது. பார்க்க அழகாக இருக்கும், உள்ளே உயிர் குறைவாக இருக்கும்.

பெக்கான் குவாரியில் தேசியப் பூங்காக் கழகம் இதற்கு ஒரு வழி செய்திருக்கிறது. தண்ணீர் மேல் மிதக்கும் மேடைகளை அமைத்து, அதில் நீர்ச்செடிகளை வளர்க்கிறார்கள். வேர்கள் கீழே தண்ணீருக்குள் தொங்குகின்றன. அந்த வேர்க்கூட்டத்தில் பூச்சிகளும் மீன்குஞ்சுகளும் அடைக்கலமாகின்றன. மேலே பறவைகள் உட்காருகின்றன. கண்மாயில் கரையோரம் செய்யும் வேலையை இங்கே நடுக்குளத்தில் மிதக்கும் தோட்டம் செய்கிறது. ஆகவே குவாரிக்குப் போனதும் பரந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். மிதக்கும் செடித்திட்டுகளையும், தண்ணீருக்கு மேல் சாய்ந்த மரங்களையும், பாறை விளிம்பையும் பாருங்கள். உயிர் எல்லாம் அங்கேதான் இருக்கும்.

போகும் வழி

தேக்கா பக்கம் இருப்பவர்கள் லிட்டில் இந்தியாவில் எம்ஆர்டி ரயில் ஏறி, பூகிஸில் மாறி, தானா மேராவில் இறங்கி 2ஆம் எண் பேருந்தைப் பிடியுங்கள். கடைசி நிறுத்தம் சாங்கி வில்லேஜ். தெம்பனிஸிலிருந்து 29 வருகிறது. பேருந்து நிலையத்திலிருந்து படகுத்துறைக்கு நடந்தே போய்விடலாம்.

படகுத்துறையில் இரண்டு வகைப் படகுகள் கிளம்புகின்றன. ஜோகூரின் பெங்கேராங்குக்குப் போகும் படகும் இதே துறையிலிருந்துதான் போகிறது. அதற்குப் பாஸ்போர்ட் வேண்டும். உபின் சிங்கப்பூருக்குள்தான் இருக்கிறது, பாஸ்போர்ட் வேண்டியதில்லை. வொர்க் பெர்மிட் அட்டையைக் கையில் வைத்திருங்கள், போதும். எந்த வரிசை என்று பார்த்து நில்லுங்கள்.

படகுக்கு நேர அட்டவணை கிடையாது. பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் எடுப்பார்கள். ஒரு வழிக்கு ஆளுக்கு 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ரொக்கமாகக் கொடுக்க வேண்டும், சில்லறையாக இருந்தால் நல்லது. சைக்கிள் கொண்டுபோனால் அதற்குத் தனியாகக் கட்ட வேண்டும். அறை நண்பர்கள் பன்னிரண்டு பேராகச் சேர்ந்து போனால் காத்திருக்கவே வேண்டாம், உங்களுக்கென்றே ஒரு படகு. கடலில் பத்து, பதினைந்து நிமிடம்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் துறையில் இருக்கப் பாருங்கள். ஒன்பது மணிக்கு மேல் வரிசை நீளும், குவாரியில் வெயிலும் ஏறிவிடும். பசியாறலைச் சாங்கி வில்லேஜ் உணவங்காடி நிலையத்திலேயே முடித்துக்கொள்ளலாம். தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்குக்குப் பேர்போன இடம் அது. உபினில் கடைகள் இருக்கின்றன, ஆனால் காலையில் எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று நம்பிப் போக முடியாது.

கையில் எடுத்துக்கொள்ள வேண்டியவை: தண்ணீர், ஆளுக்கு ஒன்றரை லிட்டராவது. தீவில் குழாய்த் தண்ணீர் வசதி கிடையாது, கிணற்றுத் தண்ணீர்தான், அதைக் குடிக்காதீர்கள். கொசு மருந்து. முழுக்கைச் சட்டை, வெளிர் நிறமாக இருந்தால் நல்லது. வேலைக்குப் போடும் மஞ்சள் சட்டை வேண்டாம், பறவைகள் தூரத்திலேயே விலகிவிடும். கால்சட்டை முழங்காலுக்குக் கீழே வரட்டும், செக் ஜாவா பக்கம் மணல் ஈ கடிக்கும். தொப்பி, மழைக்கோட்டு. குடை வேண்டாம், பறவை பார்க்கும்போது கை காலியாக இருக்க வேண்டும்.

பைனாகுலர் ஒன்று இருந்தால் நாளே மாறிவிடும். 8x42 என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்பக்கக் கண்ணாடி 42 மில்லிமீட்டர். பத்து மடங்கு, பன்னிரண்டு மடங்கு என்று கடைக்காரர் சொல்வார், அவ்வளவு வேண்டாம். மடங்கு கூடக் கூடக் கை நடுக்கமும் கூடத் தெரியும். நான்கு பேர் சேர்ந்து ஒன்று வாங்கினால்கூடப் போதும், மாறி மாறிப் பார்க்கலாம். பறவையின் பெயர் தெரிய வேண்டுமென்றால் மெர்லின் என்ற இலவசச் செயலியைக் கைப்பேசியில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

குவாரியில் நிற்கும் விதம்

படகுத்துறையிலிருந்து கிராமத்துக்குள் வந்ததும் இடப்பக்கச் சாலை. வழிகாட்டிப் பலகைகள் இருக்கின்றன. போகிற வழியில் காட்டுக்கோழி குறுக்கே ஓடும். நம் வீட்டுச் சேவல் மாதிரியேதான் இருக்கும், ஆனால் கால் சாம்பல் நிறம், கன்னத்தருகே வெள்ளைத் திட்டு. வீட்டுக்கோழிகளுக்கெல்லாம் மூதாதை அதுதான். சாலையோரம் பெரிய பெரிய இலையோடு மஞ்சள் பூப் பூத்த புதர்கள் தெரியும். சிம்போ ஆயர் என்பார்கள். அந்த இலையில்தான் மலாய்க்காரர்கள் முன்பு சாப்பாடு பொட்டலம் கட்டினார்கள். வெட்டவெளியாகக் கிடந்த நிலத்தில் முதலில் வந்து முளைத்து மண்ணைப் பிடித்துக்கொள்ளும் செடி அது. குவாரி இருந்த இடமெல்லாம் அது இருப்பது தற்செயல் இல்லை.

குவாரியின் விளிம்பில் பார்வைமேடைப் பக்கம் வந்ததும் பேச்சை நிறுத்துங்கள். பாட்டுப் போடும் ஸ்பீக்கரை அணைத்துவிடுங்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். குவாரிச் சுவர் மூன்று பக்கமும் கல், சத்தம் எதிரொலித்துப் பெரிதாகும். கூட்டிலிருக்கும் தாய் எழுந்து பறந்தால் முட்டையும் குஞ்சும் வெயிலில் கிடக்கும்.

ஒரே இடத்தில் அரை மணி நேரம் நில்லுங்கள், அல்லது உட்காருங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் ஒன்றுமே இல்லை என்று தோன்றும். என்னோடு வரும் அறைத் தம்பிகள் எல்லாருமே முதலில் "என்னண்ணே, வெறும் தண்ணிதான இருக்கு" என்பார்கள். கொஞ்சம் பொறுத்தால் வெளிறிய கொம்பு என்று நினைத்தது கழுத்தை நீட்டும். அது சாம்பல் நாரை. நின்றால் ஒரு மீட்டர் உயரம் இருக்கும். தலையில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை, அது பின்னால் நீண்டு கொண்டை மாதிரித் தொங்கும். கழுத்தின் முன்புறம் கறுப்புக் கோடுகள் கீழே இறங்கும். கூட்டை மரத்தின் உச்சியில் சுள்ளிகளால் கட்டும். ஆண் ஒரு சுள்ளியைக் கொண்டுவந்து கொடுக்கும், பெண் அதை வாங்கிச் செருகும். சுள்ளி சரியில்லை என்றால் பெயர்த்து மறுபடி வைக்கும். பைனாகுலரில் இந்த ஒன்றைப் பார்த்தாலே படகுக்காசு வசூலாகிவிடும்.

அவை ஏன் இந்தக் குழியைத் தேர்ந்தெடுத்தன என்று யோசித்துப் பாருங்கள். சுற்றிலும் செங்குத்துப் பாறை, நடுவில் ஆழமான தண்ணீர். தரை வழியாக வரும் எதிரி எளிதாக நெருங்க முடியாது. நடந்து போய்க் கூட்டைத் தொட மனிதனாலும் முடியாது. கல் வெட்டியவர்கள் தெரியாமலே அமைத்துக் கொடுத்த கோட்டை அது. இரை தேட நாரைகள் கடலோரச் சேற்றுக்குப் பறந்து போகும், வீடு மட்டும் இங்கே. அதனால் குவாரியையும் செக் ஜாவாவையும் தனித்தனி இடமாக நினைக்காதீர்கள். பறவைக்கு இரண்டும் ஒரே வீட்டின் அறையும் அடுக்களையும்.

செந்நாரையும் இருக்கும். அது கொஞ்சம் ஒல்லி, கழுத்து செம்பழுப்பு. மீன்கொத்தி வந்து விளிம்பில் உட்காரும். நீல முதுகும் வெண் வயிறுமாக, கழுத்தைச் சுற்றி வெள்ளைப் பட்டையோடு இருப்பது ஒன்று. நம் ஊரில் பார்க்கும் வெண்மார்பு மீன்கொத்தியும் இங்கே உண்டு. தலைக்கு மேலே வெண்வயிற்றுக் கடல்கழுகு வட்டமிட்டால் நாரைகள் எல்லாம் ஒரே நேரத்தில் குரல் கொடுக்கும். மேலே பாருங்கள் என்று அவையே சொல்லிவிடும்.

பாறைச் சுவரையும் ஒரு முறை பைனாகுலரால் மேலிருந்து கீழே மெல்லத் தடவுங்கள். வெடிமருந்து வைக்கத் துளைபோட்ட இடங்களில் மேலிருந்து கீழாக நேர்க்கோடு போட்டது போன்ற அரைக்குழாய்த் தடங்கள் குவாரிச் சுவர்களில் தங்கிவிடும். அது கண்ணில் பட்டால், அங்கே ஒரு ஆள் கயிற்றிலோ தட்டிலோ நின்றுகொண்டு துளைபோட்டிருக்கிறான் என்று எண்ணிப் பாருங்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் அந்த எண்ணம் வராமல் இருந்ததில்லை.

ஒரு எச்சரிக்கை, இதில் நான் கறாராக இருப்பேன். வேலியைத் தாண்டாதீர்கள். குளிக்க இறங்காதீர்கள். எங்கள் ஊர்ப்பக்கம் கைவிட்ட குவாரியில் குளிக்கப்போய்ப் பிள்ளைகள் உயிர்விட்ட செய்தி வராத கோடை இல்லை. மேலே வெதுவெதுப்பாக இருக்கும், ஒரு ஆள் உயரத்துக்குக் கீழே சட்டென்று குளிரும், கால் ஊன்றத் தரை இருக்காது, பிடித்து ஏறச் சரிவும் இருக்காது. நீச்சல் தெரிந்தவனையும் அது விடாது. உபின் குவாரிகளில் நீந்துவதற்கும் மீன் பிடிப்பதற்கும் தடை இருக்கிறது. தடை இல்லாவிட்டாலும் இறங்காதீர்கள்.

மேற்கே இன்னும் போனால் கேத்தாம் குவாரி வரும். அதைச் சுற்றி மலைச்சைக்கிள் ஓட்டும் பாதை இருக்கிறது. இளைஞர்களுக்கு அது பிடிக்கும். பறவைக்காகப் போகிறவர்கள் பெக்கானோடு திரும்பிவிடலாம்.

பிறகு செக் ஜாவா

கிராமத்துக்குத் திரும்பி வந்து கிழக்கே போங்கள். மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல், நடந்தால் ஏறத்தாழ 40 நிமிடம். இப்போது சைக்கிள் எடுப்பதானால் எடுக்கலாம். பிரேக் இரண்டையும் அங்கேயே பிடித்துப் பார்த்து வாங்குங்கள், வழியில் இறக்கங்கள் இருக்கின்றன. வயதானவர்களோடு வந்திருந்தால் கிராமத்தில் வேன் கிடைக்கும். செக் ஜாவாவுக்குள் சைக்கிள் போகாது, வாசலில் நிறுத்திவிட வேண்டும். காலை 8.30 முதல் மாலை 6 மணி வரை திறந்திருக்கும்.

போகும்முன் கடல் வற்றும் நேரத்தைப் பாருங்கள். அலை மட்டம் 0.5 மீட்டர் அல்லது அதற்கும் கீழே இறங்கும் நாளில்தான் மணல்திட்டும் கடற்புல்லும் வெளியே தெரியும். ஏற்றத்தின்போது போனால் தண்ணீரைத்தான் பார்த்துவிட்டு வர வேண்டும். சிங்கப்பூர் அலை அட்டவணை இணையத்தில் இருக்கிறது, மீன் பிடிக்கும் நண்பர் யாராவது இருந்தால் அவரிடமே கேட்கலாம்.

இங்கே ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நடைப்பாலம் இருக்கிறது. ஒரு சுற்று கடல்மேல், இன்னொன்று அலையாத்திக் காட்டுக்குள். பிச்சாவரமோ முத்துப்பேட்டையோ பார்த்தவர்களுக்கு அந்தக் காடு அந்நியமாகத் தெரியாது. சேற்றிலிருந்து மேலே குத்திட்டு நிற்கும் மூச்சுவேர்கள், ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக உள்ள நண்டு, மரத்தில் தொற்றி ஏறும் சேற்றுமீன் எல்லாம் இங்கேயும் உண்டு. நண்டு கொடுக்கை ஆட்டுவதைப் பார்க்க வேண்டுமென்றால் பாலத்தில் நிழல் விழாதபடி உட்கார்ந்து அசையாமல் இருங்கள். உங்கள் நிழல் பட்டதும் எல்லாம் வளைக்குள் போய்விடும், இரண்டு மூன்று நிமிடம் கழித்துத்தான் திரும்ப வரும். நடுவில் ஜெஜாவி கோபுரம், ஏறத்தாழ 20 மீட்டர் உயரம். ஏறினால் மர உச்சிகள் கண்மட்டத்துக்கு வரும்.

இந்த இடமும் தப்பிப் பிழைத்ததுதான். கடலைத் தூர்த்து நிலமாக்கும் திட்டத்தில் செக் ஜாவா இருந்தது. இயற்கை ஆர்வலர்களும் பொதுமக்களும் நேரில் போய்க் கணக்கெடுத்து, கடிதம் எழுதி, எடுத்துச் சொன்னார்கள். 2001 டிசம்பரில் அரசாங்கம் அந்தத் திட்டத்தை ஒத்திவைத்தது. 2007இல் நடைப்பாலம் திறக்கப்பட்டது. அதே ஆண்டின் தொடக்கத்தில் ஜோகூரில் பெய்த பெருமழையின் வெள்ளம் கடலில் உப்பைக் குறைத்துவிட்டதால் இங்கே கடற்சாமந்திகளும் நட்சத்திர மீன்களும் ஏராளமாகச் செத்தன, பின்னர் மெல்ல மெல்லத் திரும்பி வந்தன. எங்கோ பெய்த மழை இங்கே எதைக் கொல்லும், எதை வளர்க்கும் என்பதை இங்கேதான் நான் புரிந்துகொண்டேன்.

இருவாட்சியைச் சொல்லாமல் விட முடியாது. தலைக்கு மேல் ஊளையும் கூச்சலும் கலந்த மாதிரிக் குரல் கேட்டால் நிமிருங்கள். கறுப்பு வெள்ளைப் பறவை, மஞ்சள் அலகு, அதன் மேல் இன்னொரு அலகு கவிழ்த்தது போன்ற கொண்டை. 19ஆம் நூற்றாண்டில் சிங்கப்பூரை விட்டே மறைந்துபோய், 1994இல் உபினில் மறுபடி தென்பட்டது. பெரிய பொந்துள்ள கிழமரங்கள் குறைந்துவிட்டதால் பெட்டிக் கூடுகளை மரங்களில் பொருத்திக் கொடுத்தார்கள், அதில் அவை குஞ்சு பொரித்தன. பெண் பறவை பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும், ஒரு சின்னப் பிளவு மட்டும் விடும். குஞ்சு வளரும்வரை ஆண்தான் இரை கொண்டுவந்து ஊட்ட வேண்டும். கிராமத்துப் பக்கமே அத்தி பழுத்த மரங்களில் இவற்றைப் பார்க்கலாம்.

எந்த மாதம், எந்த வானிலை

நாரைகளையும் இருவாட்சியையும் எந்த மாதத்திலும் பார்க்கலாம். வலசைப் பறவைகள் செப்டம்பரில் வரத் தொடங்கி மார்ச் வரை இருக்கும். சைபீரியாவில் குஞ்சு பொரித்துவிட்டு ஆஸ்திரேலியா வரை போகும் உள்ளான்கள் செக் ஜாவாவின் சேற்றில் இறங்கும். உள்ளான்களை மட்டுமே பார்க்க ஆசைப்படுகிறவர்கள் சுங்கை பூலோவுக்குப் போவது நல்லது. அது முன்பு இறால் வளர்த்த குட்டைகள், இன்று பாதுகாக்கப்பட்ட ஈரநிலம்.

தீபாவளிக்குப் பிறகு டிசம்பர், ஜனவரியில் விட்டு விட்டு மழை பெய்யும். ஆண்டின் நடுவில் விடியற்காலையில் சுமத்ரா புயற்காற்று சடாரென்று வரும். ஒரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும், ஆனால் அந்த ஒரு மணி நேரம் மின்னல் பயங்கரம். இடி கேட்டதும் நடைப்பாலத்தையும் கோபுரத்தையும் விட்டு இறங்கிக் கூரைக்குக் கீழே வந்துவிடுங்கள். வேலையிடத்தில் மின்னல் எச்சரிக்கை வந்ததும் கிரேனை விட்டு இறங்குகிறோமே, அதே விதிதான்.

விலங்குகளுக்குத் தீனி போடாதீர்கள். காட்டுப்பன்றி குட்டிகளோடு வந்தால் வழிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள், ஓடாதீர்கள். குரங்கு பிளாஸ்டிக் பையைக் கண்டால் பிடுங்கும், அதனால் சாப்பாட்டைத் தோள்பைக்குள் வையுங்கள். தீனி போட்டால் முதல் முறையே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அபராதத்துக்காகச் சொல்லவில்லை, தீனிக்குப் பழகிய பன்றியைத்தான் பிறகு பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

படகு வேண்டாம் என்கிறவர்களுக்கு

ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருக்கிறார்கள், படகில் ஏறி இறங்க முடியாது என்றால் புக்கித் தீமாப் பக்கம் இரண்டு இடம் இருக்கிறது. டெய்ரி ஃபார்ம் இயற்கைப் பூங்காவுக்குள் சிங்கப்பூர் குவாரி, ஹில்வியூ எம்ஆர்டியில் இறங்கி நடக்கலாம். 2009இல் அதை ஈரநிலமாக்கித் திறந்தார்கள். பாறைச் சுவருக்குக் கீழே தண்ணீருக்கு மேல் நீட்டிய மேடையில் நின்று பார்க்கலாம். இன்னொன்று ரைஃபிள் ரேஞ்ச் இயற்கைப் பூங்கா, பியூட்டி வேர்ல்ட் எம்ஆர்டிக்குப் பக்கம். 66 ஹெக்டர், 2022 நவம்பரில் திறந்தது. சின் செங் குவாரி இருந்த இடத்தை நன்னீர் ஈரநிலமாக மாற்றியிருக்கிறார்கள், மேலே பாறை விளிம்பிலிருந்து முழுக் குழியையும் பார்க்கலாம். பறவைகளின் எண்ணிக்கையில் உபினோடு போட்டி போட முடியாது, ஆனால் கல் வெட்டிய சுவரை அருகில் காட்ட இவையே வசதி. பெடோக் நீர்த்தேக்கத்தில் நடைபயிற்சி போகிறவர்களுக்கு ஒன்று: அதுவும் மணல் தோண்டிய குழிதான், 1986இல் நீர்த்தேக்கமானது.

உபினிலிருந்து திரும்பும் படகுக்கும் பன்னிரண்டு பேர் கணக்குதான். மாலை ஐந்து மணிக்கு மேல் எல்லாரும் ஒரே நேரத்தில் வருவார்கள், வரிசை படகுத்துறைக்கு வெளியே நிற்கும். நான்கு மணிவாக்கில் கிளம்பிவிட்டால் நிம்மதி. இருட்டிய பிறகு படகு கிடைக்கும் என்று நம்பி உட்காராதீர்கள். சைக்கிள் எடுத்திருந்தால் கடைக்காரர் எத்தனை மணிக்கு அடைப்பார் என்று எடுக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்து சாங்கி வில்லேஜில் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு 2ஆம் எண் பேருந்து ஏறினால், மறுநாள் காலை லாரி வருவதற்கு முன் நன்றாகத் தூங்க நேரம் இருக்கும்.